விறகைப் பாருங்கள், நேரத்தைப் பாருங்கள், பிறகு வரிசையில் நில்லுங்கள்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காரில் போகிறவர்கள் பசி வந்ததும் கைபேசியில் 'பார்பெக்யூ' என்று தட்டி, நாலரை நட்சத்திரம் காட்டும் கடைக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். பெரும்பாலும் சுமாரான சாப்பாடுதான் கிடைக்கிறது. வண்டி நிறுத்த இடம் இருந்ததா, பரிமாறியவர் சிரித்துப் பேசினாரா, குழந்தைக்கு மக்ரோனி கிடைத்ததா என்பதெல்லாம் கலந்து வந்த நட்சத்திரம் அது. கறி எப்படி வெந்தது என்பது அதில் ஒரு சிறு பங்குதான். நல்ல கடையைத் தேட வேறு கேள்விகள் வேண்டும். இந்த வட்டாரத்துக்காரர்கள் எந்தக் கறியைச் சமைக்கிறார்கள்? எந்த விறகில்? அது எத்தனை மணிக்கு அடுப்பைவிட்டு வெளியே வருகிறது?

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு மொட்டைமாடியில் கரி போட்டுச் சுடும் கோழிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. தென்மாநிலப் பார்பெக்யூ என்பது சுமார் 225 முதல் 275 டிகிரி பாரன்ஹீட் வரையான மிதமான சூட்டில், அதாவது 107 முதல் 135 டிகிரி செல்சியஸில், பல மணி நேரம் வேகவைப்பது. பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி நார்நாராக, கடினமாக இருக்கும். அதிலுள்ள கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் உருகி ஜெலட்டினாக மாறினால்தான் மென்மை வரும். அதற்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் 150 முதல் 170 டிகிரி பாரன்ஹீட்டுக்குள் கறியின் சூடு ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதுதான் காரணம். ஆகவே இன்று மதியம் உங்களுக்குக் கிடைக்கப்போவது நேற்றுச் சாயங்காலம் அடுப்பில் ஏற்றியது. பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் அதிகமாக வந்தால் இன்னும் நாலு துண்டு போட்டுவிட வழி கிடையாது. 'தீர்ந்துவிட்டது' என்ற பலகை தொங்குவது இதனால்தான். அது விளம்பரத் தந்திரம் இல்லை.

இரவு எட்டு மணிக்குப் போய், எல்லா வகைக் கறியும் தட்டாமல் கிடைக்கிறது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒன்று, அந்தக் கடை மாலைக்கென்று தனியாக இன்னொரு தொகுதி சமைக்கிறது. நல்ல கடைகளில் சில அப்படிச் செய்கின்றன. இல்லையென்றால் காலையில் வந்த கறி நாள் முழுக்கச் சூட்டுப்பெட்டியில் கிடக்கிறது. எது என்று கல்லாவில் கேட்கலாம். ஒழுங்கான கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்வார்.

மத்திய டெக்சஸ்

ஆஸ்டினைச் சுற்றிய ஊர்களுக்கு நேரம் ஒதுக்கிப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் நாட்டவர்களும் இங்கே கறிக்கடை வைத்தார்கள். விற்காத கறியைப் புகைபோட்டும், தொத்திறைச்சியாகத் திணித்தும் விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித் தொழிலாளர்கள் அதைக் காகிதத்தில் வாங்கி அங்கேயே நின்று தின்றார்கள். இன்றும் கறியை எடைபோட்டு, இளஞ்சிவப்புக் கசாப்புக் காகிதத்தில் வைத்துத் தருவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. எல்ஜினில் உள்ள சவுத்சைடு மார்க்கெட் 1882இல் தொடங்கியது. லாக்ஹார்ட்டின் க்ரோய்ட்ஸ் மார்க்கெட் 1900இலிருந்தும், பிளாக்ஸ் 1932இலிருந்தும் இருக்கின்றன. குடும்பத்துக்குள் மனவருத்தம் வந்து 1999இல் க்ரோய்ட்ஸ் புதுக் கட்டடத்துக்குப் போக, பழைய கட்டடத்தில் ஸ்மிட்டீஸ் என்ற கடை நடக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும்போதே காலருகில் தரையோடு தரையாக விறகு எரிந்துகொண்டிருக்கும். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்து விறகு போஸ்ட் ஓக் என்ற ஓக் மர வகை. சுற்றிலும் விளைகிறது, சீராக எரிகிறது, புகை காரமாக இருக்காது. தீ ஒரு முனையில், கறி மறுமுனையில். புகையும் சூடும் கறியைத் தடவிக்கொண்டு புகைபோக்கிக்குப் போகும். மசாலா பெரும்பாலும் உப்பும் மிளகும்தான். சாஸ் இரண்டாம்பட்சம். க்ரோய்ட்ஸில் நூறாண்டுக்கு மேல் சாஸே இல்லாமல்தான் விற்றார்கள். முதல் துண்டைச் சாஸ் இல்லாமல் சாப்பிடுங்கள். கறியின் மேல்பக்கம் கறுத்து மொரமொரப்பாக ஒரு தோல் இருக்கும். அந்த 'பார்க்'தான் பன்னிரண்டு மணி நேர வேலையின் பலன். அதன்மேல் சாஸை ஊற்றினால் ஊறிப்போய்விடும்.

டெய்லரில் லூயி முல்லர், லூலிங்கில் சிட்டி மார்க்கெட், லெக்சிங்டனில் ஸ்னோஸ். ஸ்னோஸ் சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும், காலை எட்டு மணிக்கு. வரிசை விடியுமுன்பே தொடங்கிவிடும். 1935இல் பிறந்த டூட்ஸி டோமனெட்ஸ் அம்மையார் அந்த அடுப்புகளுக்குப் பேர்போனவர். அங்கே பிரிஸ்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதிதான் சாப்பிடுகிறார்கள். தணலுக்கு நேர்மேலே வாட்டும் பன்றித் தோள்துண்டும் கோழியும்தான் அந்தக் கடையின் தனிச்சிறப்பு. வழிகாட்டியில் ஊர்ப்பெயரைப் போடும்போது மாநிலத்தையும் சேர்த்துப் போடுங்கள். டெக்சஸில் ஒரு லெக்சிங்டன், வட கரோலினாவில் ஒரு லெக்சிங்டன், இரண்டுமே பார்பெக்யூ ஊர். கென்டக்கியில் இருப்பது வேறொன்று.

சனிக்கிழமை கையிலிருந்தால் விடியற்காலை ஸ்னோஸ், பத்தரைக்கு டெய்லர், அங்கிருந்து எல்ஜின் என்று வண்டியை விடலாம். மூன்று கடைக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். நாலாவது கடையில் நாக்கு உப்பையும் கொழுப்பையும் தவிர வேறெதையும் உணராது. அந்தக் கடையைப் பற்றித் தவறான முடிவோடு வருவீர்கள். லாக்ஹார்ட்டில் எல்லாக் கடைகளும் ஒரே சிற்றூருக்குள் இருப்பதால் மெதுவாகச் சாப்பிட நினைப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. ஆஸ்டினிலிருந்து சுமார் 30 மைல்தான்.

ஆஸ்டின் நகரத்துக்குள் ஃபிராங்க்ளின் முதலிய கடைகள் பெயர் பெற்றவை. 2024 நவம்பரில் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாக டெக்சஸுக்கு வந்தபோது நான்கு பார்பெக்யூ கடைகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்தது. கறி தரமானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அத்தகைய கடைகளில் மணிக்கணக்கான வரிசைக்குத் தயாராகப் போக வேண்டும். மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி மூன்றும் வண்டியில் இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் பத்து மணி வெயிலே தாங்காது. முன்பதிவுக்கு இடமுண்டா என்று கடையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். முழுத் துண்டாக வாங்குகிறவர்களுக்குச் சில கடைகள் அந்த வசதியை வைத்திருக்கின்றன.

டெக்சஸ் முழுக்க ஒரே ருசி இல்லை

மேற்கே லானோவுக்குப் போனால் விறகு மெஸ்கீட். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த மரம். சூடு அதிகம், புகை கசப்பு. அதை நேரடியாகப் புகைபோட்டால் கறி கசந்துவிடும் என்பதால், முதலில் தனியாக எரித்துத் தணலாக்கி, அந்தத் தணலை மட்டும் வாரி அடியில் போட்டு வாட்டுகிறார்கள். கூப்பர்ஸ் கடையில் வாசலிலேயே பெரிய இரும்புத் தொட்டிகள் இருக்கும். மூடியைத் திறந்து காட்டுவார்கள், எந்தத் துண்டு என்று நீங்கள் கைகாட்ட வேண்டும். சாஸில் முக்கவா என்று கேட்பார்கள். அங்கே போஸ்ட் ஓக் பிரிஸ்கெட்டின் ருசியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கொழுப்பு தணலில் சொட்டி எழும் ஆவியின் வாசனையே அந்த முறையின் உயிர். தடித்த பன்றி விலாத் துண்டை வாங்குங்கள், அதற்கு அந்தச் சூடு பொருத்தம்.

தெற்கே மெக்சிகோ எல்லையில் பிரவுன்ஸ்வில்லில் வேராஸ் என்ற கடை மண்ணுக்குள் தோண்டிய குழியில் மெஸ்கீட் தணலிட்டு மாட்டுத்தலையை இரவு முழுக்க வேகவைக்கிறது. வார இறுதியில் மட்டும். நாக்கு, கன்னம், கண் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். கன்னக்கறி சோளச் சப்பாத்தியோடு அருமையாகச் சேரும். காலையிலேயே போய்விட வேண்டும்.

கரோலினாவில் பன்றி

கடற்கரைப் பக்கமுள்ள கிழக்கு வட கரோலினாவில் முழுப் பன்றிதான். ஓக், ஹிக்கரி விறகைத் தனி உலையில் எரித்து, விழும் கங்குகளை நீளப்பிடி மண்வாரியால் எடுத்து, பன்றிக்கடியில் இரவு முழுக்கத் தூவிக்கொண்டே இருப்பார்கள். தொடைக்கும் தோளுக்கும் கீழே கங்கு கூடுதல், நடுவயிற்றுக்குக் கீழே குறைவு. அந்தக் கணக்கு தெரிந்தவர் இல்லையென்றால் விலா காய்ந்து தொடை வேகாமல் நிற்கும். வெந்ததும் எல்லாப் பகுதியையும் சேர்த்து வெட்டுக்கத்தியால் கொத்தி, வினிகர், உப்பு, மிளகாய், மிளகு போட்டுப் பிரட்டுவார்கள். தக்காளி சேராது. ஏடன் என்ற ஊரிலுள்ள ஸ்கைலைட் இன் 1947இல் தொடங்கிய கடை. கூரைமேல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம்போல ஒரு குவிமாடம் இருப்பதால் தவறவிட மாட்டீர்கள். மொரமொரப்பான தோலையும் பொடியாகக் கொத்திக் கறியோடு கலப்பார்கள். கூடவே தட்டையான சோளரொட்டி, ஸ்லா எனப்படும் நறுக்கிய முட்டைக்கோஸ் சாலட். அதுதான் அங்கே வழக்கமான தட்டு.

இங்கே டெக்சஸ்போலப் பத்தரைக்கே நிற்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வேறொன்றைக் கவனியுங்கள். கொத்திய கறி சீக்கிரம் காயும். ஆவித்தட்டில் ஒரு மணி நேரம் கிடந்தால் பஞ்சுபோல் ஆகிவிடும். மதியக் கூட்ட நேரத்தில் கொத்திக்கொண்டே இருப்பார்கள், கட்டையில் கத்தி விழும் ஓசை நிற்காது. அந்த நேரமே சரியான நேரம். மூன்று, நான்கு மணிக்குப் போவது வீண்.

உட்பகுதிக்கு நகர்ந்தால், லெக்சிங்டன் வட்டாரத்தில் தோள்கறி மட்டும். சாஸில் கொஞ்சம் தக்காளி கெச்சப் சேரும், அதை 'டிப்' என்பார்கள். ஸ்லாவும் அதே டிப்பில் கலந்து சிவப்பாக இருக்கும். 1962லிருந்து நடக்கும் லெக்சிங்டன் பார்பெக்யூ இதற்குப் பேர்போனது. பட்டியலில் தெளிவாக எழுதியிருக்காவிட்டாலும் 'அவுட்சைடு பிரவுன்' என்று கேளுங்கள். தோளின் வெளிப்பக்கக் கறுத்த பகுதிகளைத் தனியாகத் தருவார்கள். அந்த வார்த்தை தெரியாததால் பலர் அந்தக் கடையின் உச்சத்தைச் சாப்பிடாமலே வந்துவிடுகிறார்கள். பொடியாகக் கொத்தியது வேண்டாம், பெரிதாகக் கொத்தியது என்றும் சொல்லுங்கள். பொடியில் ஈரம் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை இந்த வட்டாரத்தின் பழைய கடைகளில் பல பூட்டிக் கிடக்கும்.

தென் கரோலினாவின் நடுப்பகுதியில் சாஸ் கடுகில் செய்தது, மஞ்சளாக இருக்கும். ஜெர்மானியக் குடியேறிகளின் வழியில் வந்தது என்பார்கள். பல நாட்களாகச் சோறு காணாமல் அலையும் நம்மவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அங்கே சோற்றின்மேல் 'ஹாஷ்' என்ற கெட்டியான கறிக்குழம்பை ஊற்றித் தருவது வழக்கம். பன்றித் தோள்கறி, சில இடங்களில் ஈரல், உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் கரையக் கரைய வேகவைத்தது. ஹெமிங்வே என்ற சிற்றூரின் ஸ்காட்ஸ் கடை முழுப் பன்றிக்குப் பேர்போனது. அந்தக் குடும்பத்தின் ராட்னி ஸ்காட் சார்ல்ஸ்டன் நகரத்திலும் கடை வைத்து 2018இல் அமெரிக்கச் சமையல்காரர்களுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். தென் கரோலினாவின் நாட்டுப்புறக் கடைகளில் பல வாரத்தில் இரண்டு, மூன்று நாள்தான் திறக்கும், அதுவும் வியாழன் முதல் சனிக்குள். செவ்வாய்க்கிழமை போய் நின்றால் பூட்டைத்தான் பார்க்கலாம்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெம்பிஸில் பன்றி விலா: சாஸ் பூசியது ஒரு வகை, மசாலாப் பொடி தூவியது இன்னொரு வகை. பொடி வகைக்குப் பேர்போன ரெண்டேவூ கடையில் கரித்தணலுக்கு மேலே வாட்டுகிறார்கள், எனவே புகை வாசனையைத் தேடி அங்கே போகக்கூடாது. கான்சஸ் சிட்டியில் 'பர்ன்ட் எண்ட்ஸ்', பிரிஸ்கெட்டின் கொழுத்த நுனியை மறுபடி வாட்டிய துண்டுகள். மெம்பிஸ் பக்கத்திலிருந்து வந்த ஹென்றி பெர்ரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் இந்தத் தொழிலைத் தொடங்கினார். ஆர்தர் பிரையன்ட்ஸ் கடை அவருடைய வழியில் வந்தது. ஜோஸ் கடை ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் இருக்கிறது, கடந்துபோய்விடாதீர்கள். ஆர்கன்சாவின் மரியானாவில் ஜோன்ஸ் கடையில் கொத்திய பன்றிக்கறியை வெள்ளை ரொட்டியில் வைத்துத் தருவது ஒன்றே உணவு. மதியத்துக்கு முன்பே தீர்ந்துவிடும்.

மாடும் பன்றியும் வேண்டாதவர்களுக்கு

மேற்குக் கென்டக்கியின் ஓவன்ஸ்பரோவில் ஆட்டுக்கறிதான் ஊரின் பெருமை. முதிர்ந்த செம்மறியை ஹிக்கரித் தணலில் பல மணி நேரம் வாட்டி, மெல்லிய, கறுப்பான, புளிப்பு 'டிப்' ஊற்றித் தருகிறார்கள். முற்றின செம்மறியானதால் வெள்ளாட்டைவிட வாடை தூக்கலாக இருக்கும். வெந்த விதத்தில் அது அடங்கி நிற்பதுதான் சமைத்தவரின் திறமை. ஓல்ட் ஹிக்கரி 1918லிருந்து இருக்கிறது. மூன்லைட் கடையில் எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்து முறை. முதல் தடவை போகிறவர்களுக்கு ஓல்ட் ஹிக்கரியைச் சொல்வேன், கறி மட்டும் வாங்கிச் சாப்பிட வசதி. பல கறி சேர்த்த 'பர்கூ' என்ற குழம்பையும் ஒரு கிண்ணம் வாங்குங்கள். அதில் என்னென்ன கறி என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும்.

கோழிக்கு வட அலபாமா. டிகேட்டரில் 1925லிருந்து நடக்கும் பிக் பாப் கிப்சன் கடையில், ஹிக்கரியில் வெந்த கோழியை அப்படியே மயோனைஸ், வினிகர், மிளகு கலந்த வெள்ளைச் சாஸ் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். கோழி நெஞ்சுக்கறி காயாமல் இருக்க அந்தச் சாஸ் நல்ல துணை. டல்லாஸ், ஹூஸ்டன் பகுதிகளில் ஹலால் கறியிலேயே பிரிஸ்கெட் செய்யும் கடைகளும் வந்துவிட்டன.

பட்டியலில் தெரியாத சில விஷயங்கள் உண்டு. 'பீஃப் சாசேஜ்' என்று எழுதியிருந்தாலும் மேல்தோல் பன்றிக்குடலாக இருப்பது சகஜம். பீன்ஸில் பன்றிக்கறியோ பிரிஸ்கெட் துண்டோ கிடக்கும். கீரையைப் பன்றி எலும்போடு வேகவைப்பது தெற்கத்திய வழக்கம். சோளரொட்டியில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். எல்லாக் கறியும் ஒரே பலகையில், ஒரே கத்தியால் வெட்டப்படும். கூட வரும் சைவருக்கு ஸ்லா, ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், வெள்ளை ரொட்டி, முட்டை சாப்பிடுவாரென்றால் உருளைக்கிழங்கு சாலட், இவ்வளவுதான் ஓரளவு நம்பிக்கையாகச் சொல்ல முடியும். அவருக்கு வேறு கடையில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு போவது உத்தமம்.

போகுமுன் துப்பறிவது

டெக்சஸுக்கு 'டெக்சஸ் மந்த்லி' இதழின் சிறந்த 50 கடைகள் பட்டியல் இருக்கிறது. அண்மைக் காலத்தில் நான்காண்டுக்கு ஒருமுறை, 2013, 2017, 2021, 2025இல் வந்தது. யாரென்று சொல்லாமல் போய்ச் சாப்பிட்டுப் பார்த்துப் பட்டியலிடுவதால் நம்பலாம். முதலிடம் மாறிக்கொண்டே வரும்: 2017இல் ஸ்னோஸ், 2021இல் ஃபோர்ட் வொர்த்தின் கோல்டீஸ். முதலிடத்தைத் துரத்துவதைவிட, உங்கள் வழியில் பட்டியலின் நடுப்பகுதியில் இருக்கும் கடையைப் பிடியுங்கள். வரிசை பாதி, தரத்தில் பெரிய வித்தியாசம் இராது. கரோலினா வட்டாரத்துக்கு 'ட்ரூ கியூ' என்ற முயற்சி, கேஸும் மின்சாரமும் கலக்காமல் விறகிலோ விறகுத் தணலிலோ மட்டும் சமைக்கும் கடைகளுக்குச் சான்று தருகிறது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் சதர்ன் ஃபுட்வேஸ் அலையன்ஸ் பல பழைய அடுப்புக்காரர்களின் நேர்காணல்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. பட்டியல்களில் வராத சிற்றூர்க் கறுப்பினக் குடும்பக் கடைகள் அங்கே கிடைக்கும். இந்தக் கலையின் பெரும்பகுதி அவர்கள் கைகளில்தான் வளர்ந்தது. அதனால் அந்தத் தொகுப்பைப் பார்க்காமல் வழித்தடம் போடாதீர்கள்.

கடையின் பெயர் கிடைத்ததும் வரைபடத்தில் அதன் விமர்சனங்களுக்குள் 'சோல்ட் அவுட்' என்று தேடுங்கள். மதியம் தீர்ந்துவிட்டதாகப் புகார்கள் இருந்தால் அன்றன்று சமைக்கிறார்கள். படங்களைப் புதியதிலிருந்து பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் இருந்த அடுப்புக்காரர் இன்று இல்லாமல் இருக்கலாம். பிறகு தெருக்காட்சியில் கட்டடத்தின் பின்பக்கம் போய் விறகு அடுக்கைத் தேடுங்கள். நல்ல அடுக்கு ஒரு பக்கம் குறைந்து, ஒரு பக்கம் புதிதாக, சுற்றிலும் பட்டைத் தூளோடு இருக்கும். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருந்தால் நன்றாகக் காய்ந்த விறகு. வாசலில் அழகாக அடுக்கி, மேலே சிலந்திவலை படிந்திருந்தால் அது அலங்காரம், உள்ளே கேஸ் அடுப்பு. கேஸ் அடுப்பில் இரண்டு கட்டை போட்டுச் சமைக்கும் கடைகளில் கறி மென்மையாகவே இருக்கும், ஆனால் அந்த ஊரின் மணம் அதில் இராது. அதைத் தேடித்தானே இவ்வளவு தூரம் போகிறோம்.

ஒரே பலகையில் 'டெக்சஸ் பிரிஸ்கெட், கரோலினா பன்றி, மெம்பிஸ் விலா, கான்சஸ் சிட்டி பர்ன்ட் எண்ட்ஸ்' என்று நான்கு ஊரையும் எழுதியிருந்தால் தாண்டிப் போய்விடலாம். ஒவ்வொன்றுக்கும் அடுப்பின் அமைப்பே வேறு.

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல், கிளம்பும் காலை கடையின் முகநூலையோ இன்ஸ்டாகிராமையோ பாருங்கள். ஜூலை 4ஐ ஒட்டிச் சில குடும்பக் கடைகள் ஒரு வாரம் முழுக்க விடுமுறை விடும். அட்டை வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன, 60 டாலராவது ரொக்கம் வைத்திருங்கள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். புகைபோக்கியில் மெல்லிய நீலப்புகை, அல்லது கண்ணுக்குத் தெரியாத வெப்ப அலை வந்தால் தீ நன்றாக எரிகிறது. அடர்ந்த வெள்ளைப்புகை விடாமல் வந்தால் விறகு ஈரம் அல்லது காற்று போதவில்லை. அந்தக் கறி நாக்கில் தார் தடவியதுபோலக் கசக்கும். புதிதாகக் கட்டை போட்ட சில நிமிடங்கள் வெள்ளைப்புகை வருவது இயல்பு, அதை வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

கல்லாவில்

எடைக்கு விற்பார்கள். ஒரு பவுண்டு 454 கிராம். ஆளுக்கு எல்லாக் கறியும் சேர்த்து அரை பவுண்டு தாராளம், இரண்டு கடைக்குப் போவதாக இருந்தால் கால் பவுண்டு. இருவருக்கு அரை பவுண்டு பிரிஸ்கெட், இரண்டு பன்றி விலா, ஒரு சாசேஜ் என்று தொடங்கலாம். பெயர்பெற்ற டெக்சஸ் கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டு 30 டாலரைத் தாண்டும். பச்சையாக வாங்கும் எடையில் கொழுப்பு நீக்கியும் வெந்து வற்றியும் கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சுகிறது என்பதால் அந்த விலை. மாட்டு விலா எலும்போடு எடைபோடப்படும். ஒன்றே ஒரு பவுண்டுக்கு மேல் வரும், ஒன்றை மூன்று பேர் பகிரலாம். விலை கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

பிரிஸ்கெட் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் மெலிந்த பக்கத்தை வெட்டுவார்கள். 'மாய்ஸ்ட்' அல்லது 'ஃபேட்டி' என்று கேட்டால் கொழுத்த பக்கம் வரும். ஒரு கடையை எடைபோட வேண்டுமென்றால் மெலிந்த பக்கத்தில் ஒரு துண்டு கட்டாயம் வாங்குங்கள். கொழுத்த பக்கம் தவறுகளை மறைத்துவிடும், மெலிந்தது மறைக்காது. பென்சில் தடிமனுள்ள துண்டை விரலில் தொங்கவிட்டால் அறுந்து விழக்கூடாது, இரு பக்கமும் லேசாக இழுத்தால் பிரிய வேண்டும். தானாக உதிர்ந்தால் அதிகமாக வெந்தது, ரப்பர்போல நீண்டால் வேகவில்லை. விலா எலும்பில் கடித்த இடம் மட்டும் சுத்தமாக வர வேண்டும். தூக்கியதும் கறி முழுக்கக் கழன்று விழுவதை நல்லதாக நினைக்கிறார்கள், உண்மையில் அது நேரம் தாண்டிவிட்டது. ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்துக்கு மதிப்பெண் வேண்டாம். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு கறிக்குச் சிவப்பு தரும் மயோகுளோபின் புரதத்தோடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது, ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முன்னால் நிற்பவருக்கு வெட்டும்போதே கவனித்துக்கொள்ளுங்கள். கறியைக் கேட்கும்போது வெட்டுகிறார்களா, முன்பே வெட்டி அடுக்கியதை எடுக்கிறார்களா? வெட்டிய பிரிஸ்கெட் பத்து நிமிடத்தில் காயத் தொடங்கும். நீங்களும் வாங்கியவுடன் சாப்பிடுங்கள், படம் எடுப்பதை இரண்டாவது துண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மீதியைக் கொண்டுபோவதாக இருந்தால் வெட்டாத துண்டாகவே கேளுங்கள். வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, 90 டிகிரி பாரன்ஹீட் தாண்டும் வெயிலில் ஒரு மணி நேரம்தான். பனிப்பெட்டி இல்லாத வண்டியில் டெக்சஸ் கோடையில் மூட்டை கட்டாதீர்கள். விமானத்தில் கறியைக் கைப்பையில் கொண்டுபோகலாம், சாஸ் புட்டி 100 மில்லிக்கு மேல் இருந்தால் பறிபோகும். வீட்டில் காகிதத்தோடு சேர்த்து அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 250 டிகிரி பாரன்ஹீட் ஓவனில், உள்ளே 165 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள். இரண்டு பவுண்டுத் துண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மைக்ரோவேவில் வைத்தால் கொழுப்பு வடிந்து நார் மட்டும் மிஞ்சும். சூடானதும் காகிதத்தில் தேங்கிய சாற்றைக் கொட்டிவிடாமல் வெட்டிய துண்டுகளின்மேல் ஊற்றுங்கள்.